நம்பர் சரிதானே என்றார்கள்

பேரிங்கின் நம்பரைப் பாதி படித்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்கிற ஆளை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவர் எவ்வளவு பெரிய படிப்புப் படித்திருந்தாலும் சரி, எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும்போது இப்படி வீரம் பேசுவது சுலபம் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். வேலையில் இருந்தபோதும் இதைத்தான் பேசினேன். அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் துறைமுகத்தில் பராமரிப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள். போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம், "அட்டவணை எல்லாம் செல்போன்லயே இருக்கு மேடம், எதுக்கு மனப்பாடம் பண்ணணும்?" என்று கேட்டார். மனப்பாடம் பண்ண வேண்டாம். ஆனால் பேரிங்கின் மேல் என்ன வெட்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். செல்போன் உங்களுக்காகக் குனிந்து பார்க்காது.

22220 என்று ஒரு பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் 222 அது எந்தச் சாதி, எவ்வளவு தடிமன் என்று சொல்லும். வயிறு பெருத்த ரோலர்கள் இரண்டு வரிசையாக உள்ளே இருக்கும், பாரம் தாங்கும் வகை. கடைசி இரண்டு இலக்கத்தை, அதாவது 20ஐ, ஐந்தால் பெருக்கினால் நூறு. அச்சு நுழைகிற துளை நூறு மில்லிமீட்டர். இவ்வளவும் எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பின்னால் சில எழுத்துகள் வரும். அதற்கு எங்கள் பட்டறையில் வால் என்று பெயர். மசகு போக வெளிவளையத்தில் துளை இருக்கிறதா, உள்ளே இருக்கும் கூடு பித்தளையா இரும்பா, ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள், எல்லாம் அந்த வாலில்தான் இருக்கும்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. வாலை நறுக்கிவிட்டுத்தான் பேசுவோம். கடைக்குப் போன் போட்டால், "அண்ணாச்சி, 22220 ரெண்டு குடுத்து விடுங்க" என்று முடித்துவிடுவோம். கடைக்காரரும் எந்த இயந்திரத்துக்கு என்று தெரிந்தவர் என்பதால் சரியான வாலோடு கொடுத்து அனுப்பிவிடுவார். அவர் நினைவு நல்லபடியாக இருக்கிறவரைக்கும் நம் சோம்பேறித்தனம் வெளியே தெரியாது. எங்கள் நிறுவனத்தில் அந்தக் கடையை மாற்றினார்கள். அப்போதுதான் தெரிந்தது.

நான் வேலை பார்த்தது கப்பலில் இருந்து நிலக்கரி இறக்குகிற ஒரு நிறுவனத்தில். நாசரேத்தில் இருந்து வாத்தியார் மகள் ஒருத்தி பொறியியல் படித்துவிட்டுப் பராமரிப்புப் பிரிவுக்கு வந்தபோது, இந்தப் பிள்ளை கிரீஸைத் தொடுமா என்று என் காதுபடவே பேசினார்கள். தொட்டேன். அவர்களில் பலரைவிட அதிகமாகவே தொட்டேன். நான் சொல்லப்போகிற சம்பவம் நடந்தபோது அந்தப் பிரிவின் பொறுப்பே என் கையில் இருந்தது. எனக்கு மேலே மேனேஜர். எனக்குக் கீழே ஆறேழு ஃபிட்டர்கள். அவர்களில் ஒருவன் சேவியர்.

சேவியரை ஒரு நல்லவனாக உங்களுக்குக் காட்ட எனக்கு விருப்பமில்லை. வாய்த்துடுக்குக்காரன். அடுத்தவன் ஸ்பேனரை எடுத்தால் திருப்பிக் கொடுக்க மாட்டான். டீ வர ஐந்து நிமிடம் தாமதமானால் கேன்டீன்காரரோடு சண்டை பிடிப்பான். என்னோடும் பல தடவை மல்லுக்கு நின்றிருக்கிறான். ஆனால் பேரிங் மாட்டுவதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நம்பர் வெட்டியிருக்கிற பக்கம் எப்போதும் வெளியே பார்த்துத்தான் இருக்க வேண்டும். கழற்றாமலேயே அடுத்தவன் படித்துக்கொள்ளலாம் என்பான். அவன் கடற்கரைக்காரன். வள்ளத்துக்குப் பெயரை உள்பக்கமா எழுதுவார்கள் என்று கேட்பான். மற்ற ஃபிட்டர்கள் கைக்கு எந்தப் பக்கம் வருகிறதோ அப்படியே ஏற்றிவிடுவார்கள்.

அந்த வருடம் மே மாத வெயிலில், கப்பல் நின்று நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தபோது, கன்வேயர் பெல்ட்டை இழுக்கிற பெரிய டிரம்மின் பேரிங் இறுகிப்போனது. அச்சு இலகுவாகச் சுற்ற முடியாமல் பேரிங்கோடு அரைத்துக்கொண்டே சுற்றி, புகை கிளம்பி, பெல்ட்டின் ஓரத்தில் தீப்பிடித்துவிட்டது. பக்கத்தில் ஆள் யாரும் இல்லை, தண்ணீர்க் குழாய் கையெட்டும் தூரத்தில் இருந்தது, அதனால் பெரிய விபரீதம் எதுவும் இல்லை. வழக்கமாகக் கரித்தூள் கூட்டுகிறவர்கள் அந்த டிரம்முக்குக் கீழேதான் நிற்பார்கள். அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

அந்தப் பேரிங்கை அதற்கு முந்தின வாரம்தான் சேவியர் மாட்டியிருந்தான். அன்றே அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, உங்களுக்குப் புரியும். பாஸ் இல்லாமல் துறைமுக கேட்டைத் தாண்ட முடியாது. ஒரு நிறுவனம் குற்றம் எழுதி ரத்து செய்த பாஸை இன்னொரு நிறுவனம் வாங்கித் தராது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு பாஸ்தான் வேலை.

மறுநாள் காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் கருகிய பேரிங்கின் துண்டுகளை வைத்திருந்தார். பக்கத்தில் அறிக்கை தட்டச்சாகித் தயாராக இருந்தது. சுத்தியலால் அடித்து முறைகேடாகப் பொருத்தியதால் பேரிங் சேதமடைந்தது என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் இன்னும் அந்தப் பேரிங்கைப் பார்க்கக்கூட இல்லை.

பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டார். அவருடைய வாதம் வலுவாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் C3 போட வேண்டும். C3 என்றால் சாதாரணத்தைவிட உள்ளே கூடுதல் இடைவெளி விட்ட பேரிங். அச்சின்மேல் உள்வளையம் இறுக்கமாக ஏறும்போதே இடைவெளி கொஞ்சம் குறைந்துவிடும். ஓட ஓட அச்சு சூடாகி உள்வளையம் விரியும். நம் ஊரில் கடற்காற்று வெளிப்பக்கத்தைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும், வெளிவளையம் விரியாது. நடுவில் மாட்டிய ரோலர்களுக்கு இடம் வேண்டாமா? அதற்குத்தான் C3. மேசையில் கிடந்த வளையத்தில் சேவியர் வெளியே பார்த்து வைத்திருந்த அந்த முகத்தில், கருகினாலும் படிக்கிற மாதிரி 22220 என்று இருந்தது. வாலில் C3 என்றும் இருந்தது.

"கண்ணு முன்னாடி C3ன்னு இருக்கு மேடம். சரியான பேரிங். அப்ப மாட்டினவன் தப்புதானே?" என்றார் மேனேஜர்.

நான் வளையத்தை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் ஒரே சீராக, ஒரே ஆழத்தில் இருந்தன. C3 மட்டும் அந்த வரிசையில் இருந்து ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. அதன் ஓரம் பிசிறடித்திருந்தது. தொழிற்சாலையில் வெட்டிய எழுத்துக்குப் பிசிறு இருக்காது. கையால் பிடித்து மின்சாரப் பேனாவால் கீறினால்தான் அப்படி வரும். சாதாரணப் பேரிங்கை வாங்கி யாரோ அதற்கு ஒரு வாலை ஒட்டியிருக்கிறார்கள்.

சொன்னேன். மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. பழைய கடையை நிறுத்திவிட்டுப் புது சப்ளையரைக் கொண்டுவந்தது அவர்தான். அவர் அதில் ஏதும் ஆதாயம் பார்த்தார் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். தான் எடுத்த முடிவு தப்பாகிவிட்டது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஃபிட்டரின் பிழைப்பு போனால் பரவாயில்லை என்று நினைத்தார். இப்படிப்பட்டவர்களை நீங்கள் நிறைய பார்ப்பீர்கள். கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அதுதான் கஷ்டம்.

கருகிப்போன வளையத்தில் ஒரு பிசிறை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பழியைச் சுமத்துகிறீர்களா என்று கேட்டார். மதியத்துக்குள் கையெழுத்து வேண்டும், தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், கப்பல்காரர்கள் கத்துகிறார்கள் என்றார். ஸ்டோரில் அதே சப்ளையர் கொடுத்த பேரிங் இன்னும் மூன்று இருக்கிறது, அதில் ஒன்றை மாட்டி உடனே பெல்ட்டை ஓட்டுங்கள் என்றும் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் சேவியர் நின்றிருந்தான். பாஸ் இல்லாததால் உள்ளே வர முடியாது. அவனிடம் விஷயத்தைச் சொன்னால் சந்தோஷப்படுவான், மேனேஜரை நாலு வார்த்தை திட்டுவான் என்றுதான் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"மேடம், நீங்க கையெழுத்துப் போட்டுருங்க," என்றான். "தப்பு எம்மேலதான்னு ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, பதினஞ்சு நாள்ல பாஸைத் திருப்பித் தாரேன்னு மேனேஜரு சொல்லுதாரு. நீங்க சண்டைக்குப் போயி அது நிக்கலைன்னா அந்தப் பாஸு அப்படியே போயிரும். கையில அடிபட்ட பொறவு என்னால கடலுக்குப் போக முடியாது. இந்த கேட்டும் போச்சுன்னா நான் எங்கன போவேன்?"

எனக்குக் கோபம் வந்தது. டீ தாமதமானதற்கு அவ்வளவு சத்தம் போடுகிறவன் இதற்கு இப்படிப் பேசுகிறானே என்று. நீ சுத்தியலால் அடித்தாயா என்று கேட்டேன். எண்ணெயில் சூடாக்கி, வளையம் விரிந்த பிறகுதான் அச்சில் ஏற்றினேன், மாதா சத்தியம் என்றான். பிறகு எதற்கு ஒத்துக்கொள்கிறாய் என்றேன். "பொழைக்கணும்லா மேடம்," என்றான்.

அவன் சொன்னதில் தப்பு இல்லை. தோற்றால் இழப்பு அவனுக்கு, எனக்கு இல்லை. அவன் வேண்டாம் என்று சொல்லும்போது நான் அவன் பிழைப்பைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டேதான் திரும்பி நடந்தேன். நான் பெரிய தைரியசாலி ஒன்றும் இல்லை, பயந்தேன். ஆனால் ஸ்டோரில் இருக்கிற மூன்று பேரிங் என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் கையெழுத்துப் போட்டால் அவை சரியான பேரிங் என்று நானே சான்று கொடுத்த மாதிரி. அவற்றை மாட்டுவார்கள். அடுத்த தடவை கரித்தூள் கூட்டுகிறவர்கள் சாப்பிடப் போயிருக்க மாட்டார்கள். மேனேஜர் திருப்பித் தருவதாகச் சொன்ன பாஸை வைத்துக்கொண்டு சேவியர் அந்த டிரம்முக்குப் பக்கத்தில்தான் நிற்பான். அவனைக் கேட்காமலேயே முடிவு எடுத்தேன். அது சரியா என்று யாராவது கேட்டால், சரி என்றுதான் சொல்வேன்.

நேரே ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் உடன்குடிக்காரர், என்னைவிட மூத்தவர், எதையும் கொடுக்க மனம் வராதவர். அந்த மூன்று பெட்டியையும் எடுத்து வையுங்கள் என்றேன். வைத்தார். மேனேஜருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து, உறை பிரிக்காத சரக்கு, பிரித்தால் சப்ளையர் திருப்பி எடுக்க மாட்டார், தொடாதீர்கள் என்றார். ஸ்டோர் கீப்பரும், "எம்மா, கிழிச்சிட்டா அவன் எடுக்க மாட்டான் பாத்துக்க," என்றார்.

"எடுக்க வேண்டாம் அண்ணாச்சி. அவன் திருப்பி எடுத்தா இன்னொருத்தனுக்கு விப்பான்," என்று சொல்லிவிட்டு நான் பெட்டியைக் கிழித்தேன்.

மூன்றிலும் C3 இருந்தது. மூன்றிலும் அது ஒவ்வொரு விதமாகச் சாய்ந்திருந்தது. அதைக் காட்டி வாதம் பண்ண நான் விரும்பவில்லை. எழுத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொண்டே போகலாம், அளந்துவிட்ட இடைவெளியோடு வாதம் பண்ண முடியாது. ஃபீலர் கேஜ் எடுத்தேன். கத்தி மாதிரி மடித்து வைத்திருக்கும் மெல்லிய எஃகு இலைகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். இந்த அளவுப் பேரிங்கில் C3 உண்மையாக இருந்தால், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் உள்ள இலை ரோலருக்கு மேலே உள்ள இடைவெளியில் நுழைய வேண்டும். அதற்காகத்தானே அதைக் கூடுதல் இடைவெளி என்கிறோம். இதை மேனேஜரிடம் முதலில் சொல்லி, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆரம்பித்தேன். அளந்த பிறகு சட்டத்தை மாற்ற விடக்கூடாது. இதை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

எண்ணெயைத் துடைத்து, பேரிங்கை நிமிர்த்தி வைத்து, இலையை விட்டேன். போகவில்லை. சுற்றிவிட்டு வேறு இடத்தில் விட்டேன். போகவில்லை. இரண்டாவது பேரிங்கிலும் மூன்றாவதிலும் அப்படியே. அதைவிட மெல்லிய இலையை விட்டபோது தாராளமாகப் போனது. மூன்றும் சாதாரணப் பேரிங். ஸ்டோர் கீப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

மேனேஜர், "நம்பர் சரிதானே மேடம். 22220 தானே. ஒரு மயிரிழை வித்தியாசம். இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

"அந்த மயிரிழையிலதான் சார் சேவியரோட பாஸ் இருக்கு," என்றேன். "நான் அளந்ததை எழுதுறேன். நீங்க வேற மாதிரி எழுதணும்னா வேற யார்கிட்டயாவது கையெழுத்து வாங்கிக்கோங்க. நான் போட மாட்டேன்."

அவர் தயாரித்திருந்த தாளை அங்கேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். என் அறிக்கையை நானே எழுதி, பேரிங் மூன்றையும் ஸ்டோரில் பூட்டி வைக்கச் சொல்லி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். வேறு ஒருவரிடம் கையெழுத்து வாங்க அவரும் முயன்றிருப்பார். ஆனால் இலை நுழையாததை ஸ்டோர் கீப்பர் பார்த்துவிட்டார், எதையும் கொடுக்காதவர் அன்று பேச்சை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் சேவியருக்கு பாஸ் வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொல்லவும் இல்லை.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. கூட்டங்களில் நான் பேச வாய் திறந்தால் மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதற்காக நான் வருத்தப்படவே இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததில்லை. உங்களுக்கு யாராவது, அனுசரித்துப் போனால்தான் முன்னுக்கு வரலாம் என்று சொல்வார்கள். அது உண்மைதான். முன்னுக்கு வராவிட்டால் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

இனி, புதுப் பேரிங் வந்த அன்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பழைய கடைக்காரர் திருநெல்வேலியில் இருந்து சரியான பேரிங்கை வரவழைத்துக் கொடுத்தார். வாலை முழுதாகப் படித்து, எழுத்தைப் பார்த்து, இலையை விட்டு அளந்து, சரி என்று நான் சொல்லிவிட்டேன். டிரம்முக்குப் பக்கத்தில் எல்லாம் தயார். பேரிங்கைச் சூடாக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சேவியர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கப்பல்காரர்களின் நெருக்கடி தாங்காமல் மேனேஜரே கிளம்பி வந்துவிட்டார். ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டார்.

சேவியர் ஃபீலர் கேஜை அவரிடம் நீட்டினான். "நீங்க ஒருக்கா பாத்துருங்க சார்."

"மேடம்தான் பாத்துட்டாங்களே, நான் எதுக்கு?"

"மேடம் பாத்தது மேடத்துக்கு. நாளைக்கு இது சூடாச்சுன்னா எம்மேல எழுதப்போறது நீங்கதான. நீங்க பாத்த பொறவுதான் நான் கை வைப்பேன்."

டீக்கடையில் தலை குனிந்து நின்ற ஆளா இவன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. குறுக்கே பேசி அவனை அடக்கியிருக்கலாம். என் வேலை அதுதான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மற்ற ஃபிட்டர்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேனேஜர் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சட்டையின் கையை மடக்கிவிட்டுக்கொண்டு கரித்தூளில் முட்டி போட்டு உட்கார்ந்தார். எந்த இலை என்று கேட்டார். சேவியர் எடுத்துக் காட்டினான். ரோலருக்கு மேலே விட்டார். இலை சுலபமாக உள்ளே போனது.

"போதுமா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்கப் போனார்.

"இது ரெண்டு வரிசை பேரிங் சார்," என்றான் சேவியர். "அந்தப் பக்கத்து வரிசையும் இருக்கு."

மேனேஜர் மறுபடியும் குனிந்தார்.